அர்ச்சுனனின் இரண்டாவது கியர்

மரக்காணம் மதகு மேட்டில் அர்ச்சுனனின் அம்பாசடர் இரண்டாவது கியருக்கு மாறினால், பெருமுக்கல் மலைமேல் இருக்கிற சாமி ஒருமுறை புரண்டு படுக்கும். இதைப் பொய் என்கிறவர்கள் மதகு மேட்டில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்ததில்லை. முதலில் ஒரு ‘கடக்’. பிறகு ஒரு ‘கொய்ங்’. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் வெற்றிலை மடித்து வாயில் போட்டுவிடலாம். உப்புப் பாத்தியில் குனிந்திருக்கும் குப்பம்மாள் நிமிராமலே, “தையலு, உன் ஊட்டுக்காரரு மேடேறிட்டாரு” என்பாள். பக்கத்தில் உப்பு வாரிக்கொண்டிருக்கும் தையல்நாயகியும் நிமிராமலே, “ஏறட்டும், ஏறட்டும். எறங்குறப்ப சொல்லு” என்பாள்.

வண்டிக்கு வயது பதினேழு. டீசல் வண்டி, ஸ்டியரிங்குக்கு அடியில் கை கியர். அர்ச்சுனன் அதற்கு நாலாவது முதலாளி. இரண்டாயிரத்து ஆறாம் வருடத் தேர்தலுக்கு ஒரு மாதம் கொடி கட்டி ஓடியது. வேட்பாளர் தோற்றுப்போனார், கியர் பெட்டி தேறி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் அர்ச்சுனன் பாண்டிச்சேரிவரை போய்ப் புதுக் கியர் ஆயில் ஒரு டின் வாங்கி வந்து, மெக்கானிக் அந்தோணிசாமி கையால் ஊற்றவைத்தான். ஊற்றும்போது பெற்ற பிள்ளைக்கு மருந்து புகட்டுகிற மாதிரி பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

அர்ச்சுனனும் உப்பில் கிடந்தவன்தான். இருபது வருடம் பாத்தியில் நின்று, உள்ளங்கால் ஆமை ஓடாகிப் போன பிறகுதான் காருக்கு மாறினான். அவன் கரையேறிவிட்டான். தையல்நாயகி ஏறவில்லை. அவள் குதிகாலில் இருந்த வெடிப்பில் ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகி வைக்கலாம், விழாது. கத்திரி வெயிலில் சுண்டிய உப்புத் தண்ணீர் அந்த வெடிப்புக்குள் போகும்போது என்ன செய்யும் என்று அவளிடம் கேட்டால், “ஒண்ணும் பண்ணாதுங்க. உள்ள போயி உக்காந்துக்கும்” என்பாள். ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஆறு மாசம் உப்புத் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்று எழுதியே கொடுத்துவிட்டார். சீட்டை மடித்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு, “உப்புல கால் வெக்காம சோத்துல எப்படிக் கை வெக்கிறது?” என்று கேட்டுவிட்டு மறுநாள் விடியலுக்கு முன்னால் பாத்தியில் இறங்கினாள்.

அந்த மே மாதத்தில்தான் வழி ஒன்று திறந்தது. கிளியனூர்ப் பக்கம் ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். மரக்காணத்திலிருந்து எட்டுப் பிள்ளைகளைக் கொண்டுபோய்க் கொண்டுவர வண்டி வேண்டும். பிள்ளைகள் சின்னது என்பதால் ஏற்றி இறக்க ஒரு பெண்ணும் கூடவே வர வேண்டும், அவளுக்கும் பள்ளிக்கூடமே சம்பளம் தரும் என்றார்கள். அர்ச்சுனன் தன் வண்டியையும் தையல்நாயகியையும் சொல்லிவைத்தான். ஜூன் ஒன்றாம் தேதி காலை ஏழரைக்கு உப்பு ஆபீஸ் வாசலில் வண்டி நிற்க வேண்டும். முதல் நாளே வராத வண்டி அப்புறமும் வர வேண்டாம். பட்டியலில் அடுத்த பெயர் பாவாடை. பாவாடை எதிர்த்த ஸ்டாண்டுக்காரன். பழைய அம்பாசடரைப் பிரித்துப் போட்டுவிட்டு மினி வேன் வாங்கியவன்.

தையல்நாயகி மரக்காணம் கடைத்தெருவில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கினாள். வாங்கிப் போடவில்லை; பரணில் வைத்தாள். “ஒண்ணாந்தேதிக்கு” என்றாள்.

ஒன்றாம் தேதிக்குப் பதினொரு நாள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டி நாலாம் பாத்திக்குள் இறங்கியது.

காரணம் பாசம்தான். அன்றைக்கு அவளால் நடக்க முடியவில்லை என்று கேள்விப்பட்டு, அர்ச்சுனன் காரை வரப்பின் மேலேயே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். உப்பள வரப்பில் சைக்கிள் போகும், மாட்டு வண்டி போகும், கொஞ்சம் வேண்டிக்கொண்டால் டிராக்டரும் போகும். அவளை ஏற்றிக்கொண்டு பின்னால் எடுத்தபோது, அந்த வாரம்தான் புதுமண் அணைத்த இடம் மெதுவாக உட்கார்ந்தது. கார் எருமை குளத்தில் இறங்குகிற நிதானத்தோடு பின்பக்கமாகச் சாய்ந்து, சுண்டிய உப்புத் தண்ணீரில் சீட்டு நனையும் வரை போய் நின்றது.

மேஸ்திரி கண்ணாயிரம் தலைப்பாகையைக் கழற்றி ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

“யோவ் அர்ச்சுனா! உப்பு வெளையிற எடத்துல கார உட்டா கார் வெளையுமாய்யா?”

“மேஸ்திரி, மொதல்ல கதவத் தொறந்து உடுங்க.”

“கதவத் தொறந்தா பாத்தித் தண்ணி பூரா உன் வண்டிக்குள்ள பூடும். அப்பறம் நான் மொதலாளிக்கு இன்னா சொல்றது? தண்ணி திண்டிவனம் போயிருக்குது, சாயங்காலம் வந்துடும்னா?”

உள்ளே இருந்து தையல்நாயகியின் குரல் வந்தது. “கால் வெக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. இப்ப இடுப்பு வரைக்கும் வெச்சிட்டேன்.”

டிராக்டர் வந்து இழுக்கும்போது மணி மூன்று. நாலு மணி நேரம் வண்டி உப்பில் ஊறியது. நார்த்தங்காயாக இருந்தால் ஊறுகாய் ஆகியிருக்கும்.

அந்தோணிசாமியின் ஷெட் திண்டிவனம் ரோட்டில் ஒரு வேப்பமரத்தின் கீழ் இருந்தது. ஷெட் என்பது பேச்சுக்கு, மரம்தான் ஷெட். அந்தோணிசாமிக்கு அறுபது வயது. வாயில் பீடி, அது எரிகிறதா இல்லையா என்று யாரும் பார்த்ததில்லை. வண்டிக்கு அடியில் படுத்து கியர் பெட்டியின் அடித்திருகைக் கழற்றினார். கறுப்பாக வரவேண்டிய எண்ணெய், பால் அதிகமாய்ப் போட்ட டீ மாதிரி வெளுத்து, கொழகொழவென்று டின்னில் விழுந்தது.

“வாடா, வந்து பாரு. ஒரு பாய்லர் வாங்கிப் போட்டா டீக்கடை வெச்சிடலாம்.”

அர்ச்சுனன் குனிந்து பார்த்தான். “ண்ணா, அது புது எண்ணெய்ண்ணா. ஊத்திப் பதினஞ்சி நாள்கூட ஆவல.”

“புதுப் பொண்ணா இருந்தாலும் ஆத்துல வுழுந்தா நனையத்தான் செய்யும். தண்ணியும் எண்ணெயும் கலந்துடிச்சி. இதக் கீழ கொட்டிட்டு, டீசல் உட்டு ரெண்டு வாட்டி அலசித் தர்றேன். நீ வேற எண்ணெய் வாங்கிட்டு வா.”

“தண்ணிய மட்டும் பிரிக்க முடியாதா?”

“கல்யாணம் ஆனப்பறம் பிரிக்கிறது பாவம்டா. கொட்டிடு.”

டீசலால் அலசிக் கொடுத்தார். டின்னில் இருந்ததை அர்ச்சுனன் கொட்டவில்லை. இரண்டு கையாலும் ஏந்தி வீட்டுக்கு எடுத்துப் போனான். புது எண்ணெயைக் கொட்ட அவனுக்கு மனசு வரவில்லை. வழியில் ஐந்து பேர் என்ன என்று கேட்டார்கள். ஐந்து பேருக்கும் விளக்கம் சொன்னான். வீடு போய்ச் சேர்வதற்குள் ஊருக்கே அது பொதுப் பிரச்சினை ஆகிவிட்டது.

மறுநாள் பதினொரு மணிக்கு, வேலை முடிந்து கரையேறியவர்கள் உப்புக் குவியலின் நிழலில் உட்கார்ந்து கூழ் குடிக்கும்போது அந்த டின் நடுவில் இருந்தது. நானும் இருந்தேன். உப்பு ஆபீசில் முப்பத்து நாலு வருடம் உப்புத் தண்ணீரின் கனம் அளந்து ரிட்டையர் ஆனவனுக்கு, பொழுது போக வேறு எங்கே போவது? மேஸ்திரி டின்னுக்குள் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார்.

“இதுல இன்னாய்யா கஷ்டம்? தண்ணிய வேணான்றான். எண்ணெய வேணும்ன்றான். நாம இன்னா தொழில் பண்றோம்?”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

“கடலையே வெயில்ல காட்டி வத்த வெக்கிறவனுங்க, ஒரு டின்னு தண்ணிய வத்த வெக்க மாட்டமா? கத்திரி வெயிலு. தட்டுல பரப்பி வெச்சா மூணு நாள்ல தண்ணி பூடும், எண்ணெய் நிக்கும்.”

அந்த யோசனையின் அழகில் ஒரு நிமிஷம் யாருமே கூழ் குடிக்கவில்லை. அர்ச்சுனனுக்குக் கண் கலங்கியது. மேஸ்திரி என்னைப் பார்த்து, “இன்னா சார், நீங்க படிச்சவரு. சரிதானே?” என்றார். முப்பத்து நாலு வருட அனுபவத்தையும் ஒன்று திரட்டி, நானும் தலையாட்டினேன்.

பழைய தகரக் கதவு ஒன்றின் ஓரத்தை நாலு பக்கமும் மடித்து பாத்தி மாதிரியே ஒன்று செய்தார்கள். வரப்பின் மேல் மட்டம் பார்த்து வைத்து, எண்ணெயைப் பரப்பினார்கள். தூசி விழாமல் இருக்கத் தையல்நாயகி தன் பழைய புடவை ஒன்றைக் கொண்டுவந்து மேலே கட்டினாள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அர்ச்சுனன் கையாலேயே கிண்டிவிட்டான். இரண்டாம் நாள் வெள்ளை போய் மஞ்சளானது. நாலாம் நாள் மஞ்சள் போய்த் தேனானது. மரக்காணத்தில் பாதிப்பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இடையஞ்சாவடியிலிருந்து சைக்கிளில் ஒருவன் வந்தான் என்றுகூடச் சொல்வேன், எதிர்த்துக் கேட்க அவன் இங்கே இல்லை.

எண்ணெயைத் திரும்ப டின்னில் வழித்தபோது தகரத்தின் அடியில் ஏதோ நெருடியது.

“தகரத்துத் துருவா இருக்கும்” என்றான் அர்ச்சுனன். ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்று தேங்காய் ஓட்டால் நன்றாகச் சுரண்டி அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டான்.

அந்தோணிசாமியிடம் போய்ச் சொன்னது வேறு. “புது எண்ணெய் வாங்கிட்டேண்ணா. நானே ஊத்திக்கிட்டேன். உங்களுக்கு எதுக்குச் செரமம்?”

“எங்கடா வாங்கினே?”

“பாண்டிலண்ணா.”

வெள்ளிக்கிழமை வண்டி ஓடியது. அப்படி ஓடியது. திண்டிவனம் போய்வந்த அர்ச்சுனன், கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறது என்றான். சனிக்கிழமையும் வெண்ணெய். ஞாயிற்றுக்கிழமை வெண்ணெயில் கொஞ்சம் மணல். திங்கட்கிழமை கியர் பெட்டிக்குள் யாரோ அம்மியில் மிளகாய் அரைத்தார்கள். மதகு மேட்டில் இரண்டாவது கியரைப் போட்டால் போட்ட வேகத்தில் வெளியே குதித்தது. ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறு கையால் கியர் தண்டையும் பிடித்துக்கொண்டு, பேய் பிடித்தவளின் தலைமுடியைப் பிடித்த பூசாரி மாதிரி அர்ச்சுனன் மேடேறினான். செவ்வாய்க்கிழமை மத்தியானம், சரியாக மேட்டின் பாதியில், அம்மி நின்றது. கியர் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

முப்பத்தோராம் தேதி விடிந்ததும் வண்டியை மாடு கட்டி இழுத்து வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்தார்கள். அந்தோணிசாமி அடியில் படுத்தார். பின்சக்கரத்துக்குப் போகிற நீளத் தண்டைக் கழற்றினார். பெட்டியை ஜாக்கியில் தாங்கி, கயிற்றில் கட்டி, மூன்று பேர் பிடிக்க இறக்கினார். சாக்கு விரித்து மேல்மூடியைத் திறந்தார். ஒவ்வொரு பல்சக்கரமாக எடுத்து, எடுத்த வரிசையிலேயே சாக்கில் வைத்தார். இரண்டாவது கியரின் பற்களைப் பார்த்ததும் பீடியை வாயிலிருந்து எடுத்தார். வாழ்நாளில் அவர் பீடியை எடுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“கர்த்தரே! எலி கடிச்ச தேங்கா பத்தை மாரி இருக்குதே.” பேரிங்கைக் காதருகே வைத்துச் சுற்றினார். கரகரவென்றது. எண்ணெயை விரலில் தொட்டு நசுக்கிப் பார்த்தார். முகம் மாறியது. “அர்ச்சுனா, இது தேய்மானம் இல்லடா. நெருநெருங்குது. எவனோ மணல் போட்டிருக்கான்.”

அர்ச்சுனன் எழுந்தான். எதிர் ஸ்டாண்டில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்த பாவாடையைப் பார்த்தான். ரோட்டைக் கடந்த வேகத்தில் வேட்டி பின்தங்கி, அப்புறம்தான் போய்ச் சேர்ந்தது.

“பாவாட! வயித்துல அடிக்கிறதுக்கு வேற எடம் கெடைக்கலியா உனக்கு?”

“இன்னாடா? இன்னா வயிறு?”

“நாளைக்கி ஸ்கூல் டிரிப்பு. நான் வர்லன்னா நீதான். கியர் பொட்டியில மணல் போட்டியா இல்லியா?”

பாவாடை துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாகத் திரும்பினான். “டேய், உன் வண்டியக் கெடுக்கணும்னா நான் எதுக்குடா மணல் போடணும்? உன்னையே ஓட்ட உட்டாப் போதுமே!”

கூட்டம் சிரித்தது. சிரிப்பைக் கேட்டதும் அர்ச்சுனனுக்குக் கை நீண்டது. பாவாடையின் சட்டைப் பட்டன் ஒன்று தெறித்து, கடலோரமாய்ப் போய் விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் விலக்கிப் பிடித்தார்கள். “அங்காளம்மன் மேல ஆணை, நான் தொடல. அந்தோணிசாமி கும்புடற மாதா மேலயும் ஆணை!” என்று பாவாடை கத்திக்கொண்டே ரோட்டைக் கடந்து மரத்தடிக்கே வந்துவிட்டான். “எங்கடா மணலு? காட்டு! ஊரு பாக்கக் காட்டு!”

இந்த நேரத்தில்தான் தையல்நாயகி வந்தாள். பாத்தியிலிருந்து நேராக வந்தவள். முழங்கால் வரை உப்புப் பூத்திருந்தது. ஒரு கையில் கூழ்ப் பானை, ஒரு கையில் வறுத்த நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம். ஒரு காலை ஊன்றி ஒரு காலை இழுத்து வந்து, பானையை இறக்கி வைத்தாள். சாக்கில் இருந்த பல்சக்கரத்தை விரலால் வழித்தாள். நசுக்கினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு நாக்கில் வைத்தாள்.

“தூ” என்று துப்பினாள். “உப்பு.”

அவள் மறுபடியும் ஒரு தடவை நாக்கைச் சுழற்றினாள்.

“நாலாம் பாத்தி.”

“இன்னாம்மா சொல்றே?” என்றார் அந்தோணிசாமி. “நான் டீசல் உட்டுக் கழுவினேன். இவன் புது எண்ணெய் ஊத்தினான். கியர் பொட்டிக்குள்ள உப்பு எப்படிம்மா வரும்?”

தையல்நாயகி புருஷனைப் பார்த்தாள். அர்ச்சுனன் ஜாக்கியைப் பார்த்தான். பின்னாலேயே வந்திருந்த மேஸ்திரி கண்ணாயிரம் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டத் தொடங்கினார். நான் வேப்பமரத்தில் எத்தனை இலை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

“தண்ணி வெயில்ல பூடுச்சி” என்றாள் அவள், தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. “உப்பு எங்க போவும்? எண்ணெயிலதான் நின்னிருக்குது. இருவத்தஞ்சி வருசமா தெனம் இதத்தானே பண்றோம். தண்ணி போனா உப்பு நிக்கும்னு ஊருல ஒருத்தருக்குத் தெரியலியா?” பிறகு, “எனக்கும்தான் தெரியல. பொடவையக் கொண்டாந்து கட்டுனதே நான்தான்” என்றாள்.

பாவாடை முதலில் சிரித்தான். ரோட்டோரமாக உட்கார்ந்து சிரித்தான். எழுந்து போய் வேனைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டுத் திரும்பி வந்தான். அந்தோணிசாமி சிரிக்கவில்லை. ஸ்பேனரைத் துடைத்தார், சாமான் பெட்டிக்குள் வைத்தார், மூடினார்.

“பாண்டியில வாங்கினேன்னே.”

“அண்ணா...”

“எண்ணெயக் காய வெச்சதுக்கு நான் கோவப்படல. அது முட்டாத்தனம். முட்டாளுக்கு ரிப்பேர் பண்ணிப் பண்ணித்தான் எனக்கு முடி நரைச்சிது. எங்கிட்ட பொய் சொன்னே பாரு. டாக்டர்கிட்டயும் மெக்கானிக்கிட்டயும் பொய் சொல்றவனுக்கு இன்னா வைத்தியம் பாக்கறது? எடுத்துக்கினு போ.”

மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மணி பன்னிரண்டரை. சாக்கின் மேல் நாளைக் காலை ஏழரை மணி துண்டு துண்டாகக் கிடந்தது.

தையல்நாயகி கெஞ்சவில்லை. காலை நீட்டிச் சாக்கின் ஓரம் உட்கார்ந்தாள். டீசல் சட்டியை இழுத்து வைத்துக்கொண்டு ஒரு பல்சக்கரத்தை எடுத்துக் கழுவினாள். நாக்கில் வைத்துப் பார்த்தாள். மறுபடி கழுவினாள். மறுபடி நாக்கில் வைத்தாள்.

“அண்ணா, டீசல்ல உப்பு கரையாது.”

அந்தோணிசாமி கண்ணைத் திறக்கவில்லை.

“நல்ல தண்ணி ஊத்திக் கழுவினாத்தான் போவும்.”

ஒரு கண் திறந்தது. “இன்னாது?”

“நல்ல தண்ணி. குடிக்கிற தண்ணி.”

“நாப்பது வருசமா இந்தத் தொழில் பண்றேன். கியருக்குத் தண்ணி காட்டக் கூடாதுன்றதுதான் மொதப் பாடம். தண்ணி பூந்துதான் இந்தக் கதியே! இப்ப நீ தண்ணி ஊத்தச் சொல்றே?”

“இரும்பப் பத்தி உங்களுக்குத் தெரியும். உப்பப் பத்தி எனக்குத் தெரியும். டீசல்ல நீங்க நாளு பூரா கழுவுங்க, ஒரு கல்லு கரையுதா பாக்கறேன்.”

“துரு ஏறும்மா!”

“கத்திரி முடிஞ்சி மூணு நாள்தான் ஆவுது. வெயிலு அப்படியேதான் அடிக்கிது. தண்ணியில கழுவி, வெயில்ல ஒரு நாழி காட்டி, அப்பறம் உங்க டீசல ஊத்திக்குங்க. வெயில்ல காய வெக்கிறதுக்கு எங்களவிட்டா ஆளு யாரு?”

இதைச் சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தோணிசாமி எழுந்து வந்து, அவள் கையிலிருந்த பல்சக்கரத்தைப் பிடுங்கித் தன் நாக்கில் வைத்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். சாமான் பெட்டியைத் திறந்தார்.

மே மாதத்து மரக்காணத்தில் நல்ல தண்ணீர் என்பது தங்கத்துக்கு ஒரு படி மேலே. தோண்டினால் உப்பு, இறைத்தால் உப்பு. குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறை வரும். தையல்நாயகி வீட்டில் இருந்த ஐந்து குடமும் வந்தது. குப்பம்மாள் இரண்டு குடம் கொண்டுவந்தாள். மேஸ்திரி, குற்ற உணர்ச்சியில், தன் வீட்டு அண்டாவையே சைக்கிளில் கட்டி எடுத்து வந்தார். நான் ஒரு குடம். என் பங்குக்கு இன்னும் இரண்டு கொண்டுவந்திருக்கலாம். ஆள் குடிக்கிற தண்ணீரை எல்லாம் அந்தப் பெட்டி அன்றைக்குக் குடித்தது. ஒவ்வொரு சக்கரமும் மூன்று தண்ணீர் கண்டது. ஒவ்வொன்றையும் தையல்நாயகி நாக்கில் வைத்துப் பார்த்து, “இது ஆச்சி”, “இது இன்னும் ஒரு தண்ணி” என்று பிரித்து வைத்தாள். தகரத்தின் மேல் பரப்பியதும் சுர்ரென்று காய்ந்தன. காய்ந்ததை அந்தோணிசாமி உடனுக்குடன் டீசலில் முக்கி எடுத்தார்.

நடுவில் கூழ் குடித்தார்கள். கூழில் உப்புப் பற்றவில்லை. எல்லோருக்கும் தெரிந்தது. ஒருவரும் கேட்கவில்லை.

கழுவி முடித்தபோதும் இரண்டாவது கியர் எலி கடித்த தேங்காய்ப் பத்தையாகவே இருந்தது. பேரிங்கும் போனது போனதுதான். பாண்டியில் தேடி வாங்கி வர ஒரு நாளாகும்.

“ரெண்டாவது இல்லாமலே ஓட்டிக்கிறேண்ணா” என்றான் அர்ச்சுனன்.

“எட்டுப் புள்ளைங்கள ஏத்திக்கினு மதகு மேட்டுல மூணாவதுல ஏறுவியா? வண்டி பின்னால உருண்டு வந்து ஆபீஸ் வாசல்லயே நிக்கும்.”

அதுவரை பீடிக்கட்டையைத் தேடுகிற பாவனையில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்த பாவாடை தொண்டையைச் செருமினான்.

“என் பழைய வண்டிப் பொட்டி ஊட்டாண்ட கெடக்குது.”

அர்ச்சுனன் தலை தூக்கினான்.

“துவைக்கிற கல்லுக்கு முட்டு வெச்சிருக்குது. உள்ள எல்லாம் கிரீஸ் அடிச்சித்தான் மூடினேன். நல்லா இருக்கும்.”

“எதுக்கு நீ குடுக்கணும்?” என்றான் அர்ச்சுனன். “நான் வர்லன்னா டிரிப்பு உனக்குத்தானே?”

“அதுக்குத்தான்டா குடுக்கறேன்! நாளைக்கி நீ வராம நான் போயி நின்னா, கிளியனூரு வரைக்கும் இன்னா பேசுவான்? பாவாட மணல் போட்டு டிரிப்பப் புடிச்சான்னு பேசுவான். உப்புன்னு எவன் நம்புவான்? நானே நம்பல.” தெறித்துப்போன பட்டன் இடத்தைத் தடவிக்கொண்டான். “ஆனா ஒண்ணு. கல்லு ஆடக் கூடாது. உன் பொட்டிய அங்க முட்டு குடு. அப்பறம் நீயும் ஒரு வாட்டி நக்கணும்.”

“இன்னாத்த?”

“அந்த உப்பு எண்ணெய. மெக்கானிக்கும் உன் பொஞ்சாதியும் நக்கிட்டாங்க. நீ மட்டும் நக்கல.”

அர்ச்சுனன் பழைய எண்ணெயில் விரலை விட்டு எடுத்து, எல்லோரும் பார்க்க, நாக்கில் வைத்தான். பாவாடை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “எந்தப் பாத்திடா?” என்று கேட்டான்.

“நாலு” என்றான் அர்ச்சுனன்.

பாவாடையின் பெட்டியைத் திறந்தபோது உள்ளே சோப்பு நாற்றம். ஆனால் பற்கள் முழுசாக இருந்தன. அந்தோணிசாமி இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இதில் ஒன்று அதில் ஒன்று என்று பொறுக்கினார். தண்டு அர்ச்சுனனுடையது. இரண்டாவது கியரும் இரண்டு பேரிங்கும் பாவாடையுடையது. கோர்த்துக் கையால் சுற்றிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். ஒரு வளையத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டார். மறுபடி கேட்டார். பொழுது சாய்வதற்குள் பெட்டி வண்டிக்கு அடியில் ஏறிவிட்டது. எண்ணெயை மேஸ்திரியே பஸ்ஸில் திண்டிவனம் போய் வாங்கி வந்தார். சீல் உடைக்காத டின். அந்தோணிசாமி மூடியைத் திறந்து, தையல்நாயகியிடம் நீட்டினார்.

“பாத்துச் சொல்லும்மா.”

அவள் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். “கசக்குது.”

“அப்ப நல்ல எண்ணெய்” என்று ஊற்றினார்.

ஜூன் ஒன்றாம் தேதி காலை ஏழேகாலுக்கு உப்பு ஆபீஸ் வாசலில் வண்டி நின்றது. பம்பரில் எலுமிச்சம்பழம் தொங்கியது. எட்டுப் பிள்ளைகளும் எட்டுப் பையோடு வந்திருந்தன. புது வேலைக்குக் கிளம்புகிற வண்டிக்குத் திருஷ்டி கழிக்க வேண்டாமா என்று பக்கத்து வீட்டம்மா ஒருத்தி, கை நிறைய உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு சுற்ற வந்தாள்.

“ஏய், ஏய்!” அந்தோணிசாமி குறுக்கே பாய்ந்தார். “மொளகா மட்டும் சுத்து! உப்பு எடுத்துக்கினு இந்த வண்டிக்குப் பத்தடி தள்ளி நில்லு!”

மிளகாய் மட்டும் சுற்றினார்கள். தையல்நாயகி பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்றினாள். எட்டாவது பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். காலில் ரப்பர் செருப்பு. புதுச் செருப்பு கடிக்கிறது என்றாள். “கடிக்கட்டும், கடிக்கட்டும்” என்று கதவைச் சாத்தினாள்.

நான் வரப்பு வழியாக நாலாம் பாத்திப் பக்கம் போனேன். வெயில் ஏறிவிட்டிருந்தது. பெண்கள் வரிசையாகக் குனிந்து உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். அர்ச்சுனன் கார் விழுந்த இடத்தில் மட்டும் உப்பு கொஞ்சம் கறுப்பாக விளைந்திருந்தது. மேஸ்திரி அதைத் தனியாக ஒதுக்கச் சொல்லியிருந்தார். ரோட்டில் வண்டிச் சத்தம் வந்தது. மதகு மேட்டின் அடியில் கொஞ்சம் தயங்கியது. ‘கடக்’ என்றது. ‘கொய்ங்’ வரவில்லை. பாவாடையின் கியர் சத்தமே போடாமல் மேட்டில் ஏறிக்கொண்டு போனது.

குப்பம்மாள் நிமிராமலே, “தையலு, உன் ஊட்டுக்காரரு மேடேறிட்டாரு” என்றாள்.

பதில் வரவில்லை. குப்பம்மாள் பலகையால் இன்னும் கொஞ்சம் உப்பை இழுத்தாள். அதற்கும் பதில் வராமல் போகவே, இடுப்பில் கையை வைத்து நிமிர்ந்து, பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு ரோட்டைப் பார்த்தாள்.